உப்புத் தண்ணீர் கசக்காது

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி கேஸ் மாத்திரைக் கம்பெனிக்காரன் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வயிறு லேசானால் மனசு லேசாகும்' என்று அச்சடித்திருக்கிறான். ஜனவரி முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்தது.

சாந்தாமணியை மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் மனைவி தானாகக் கிளம்பக்கூடிய ஆள் இல்லை. அவள் சமையலறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் விடுதியில் போன வாரம் ஊசிப்போன சாம்பாரை அறுபது பேருக்குப் பரிமாறிவிட்டார்கள். பரிமாறுவதற்கு முன்னால் முகர்ந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் இவள். முகர்ந்துதான் பார்த்தாளாம், ஒன்றும் தெரியவில்லையாம். ஒரு பெண் அதை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். வார்டன் ரெஜினா மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் மூக்கு சரியாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. சாந்தாமணியைக் கண்ணை மூடச் சொல்லி மூன்று டப்பாக்களை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினார். காபித்தூள், கிராம்பு, பெருங்காயம். பெருங்காயம் எனக்கு மூன்றடி தள்ளியே தெரிந்தது. இவள், "எல்லாம் காலி டப்பாவாட்ட இருக்குதுங்க" என்றாள்.

"மூக்குல என்ன ஊத்தறீங்கம்மா?"

கைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் காட்டினாள்.

"எத்தன வருஷமா?"

"பதினோரு வருசமாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவ, ஏழு தடவ போடுவேனுங்க."

டாக்டரம்மா அந்தப் புட்டியைச் செத்த பல்லியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கினார். "இத நாலஞ்சு நாளைக்கு மேல போடக் கூடாதும்மா. போட்டா இந்த மருந்தே மூக்க அடைக்க ஆரம்பிச்சிடும். அடைக்குதேன்னு மறுபடி போடுவீங்க. உங்களுக்கு அலர்ஜி கால்வாசி, மிச்சம் முக்கால்வாசி இந்தப் புட்டி பண்ணது. யார் கொடுத்தா இத?"

நான் சுவரில் இருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைல வாங்குனதுங்க" என்றாள் சாந்தாமணி.

"பதினோரு வருஷம் சீட்டே இல்லாமலா? அந்தக் கடைக்காரன் மேல கேஸ் போடணும்."

கடையாம். இருபத்தாறு வருஷமாக என் பெயர்ப்பலகை தொங்கும் நல்லசிவம் மெடிக்கல்ஸ் அவளுக்கு வெறும் கடை. இவர்தான் என் வீட்டுக்காரர், மருந்து படித்தவர் என்று சொன்னால் வாய் வலிக்குமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளிடம் பேசவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சொட்டு மருந்துக்குப் பதிலாக டாக்டரம்மா சொன்ன வைத்தியம்: தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, வாஷ்பேசினில் குனிந்து ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வெளியேற்ற வேண்டும். காலையும் மாலையும். தினம் ஒரு தடவை வீக்கம் வற்றுவதற்கு ஒரு ஸ்பிரே. நடுவில் அடைத்தால் உப்புநீர் ஸ்பிரே, அதை எத்தனை தடவையும் அடிக்கலாம். பத்து நாள் நரகமாக இருக்கும், அப்புறம் தானாகத் திறக்கும். பத்து வருஷம் படித்துவிட்டு உப்பு!

ஸ்பிரே இரண்டையும் என் கடையிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். சாந்தாமணி வீட்டிலிருந்த சொட்டு மருந்துப் புட்டிகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். தலையணை உறைக்குள், கைப்பையில், சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசி டின் மேல். மொத்தம் ஒன்பது. எனக்கே திக்கென்றது.

"இதயெல்லாம் கடைல வெச்சுப் பூட்டிருங்க. நாங் கேட்டாலும் குடுக்காதீங்க. காலப் புடிச்சுக் கேட்டாலும் குடுக்காதீங்க."

சரி என்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

முழு அடைப்பு. வாயால் மூச்சு விடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தோசை கருகிப் புகை வந்த பிறகுதான் திருப்பினாள்.

பிப்ரவரி 8, சனி

ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். மேல்வீட்டம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாள். மகள் பெங்களூரிலிருந்து போனில் சுக்குக் காபி போடச் சொன்னாள். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் சென்னியப்பன் ஒரு கட்டு நொச்சித் தழை கொண்டுவந்து கவுண்டரில் வைத்தான்.

"அக்காவுக்கு ஆவி புடிக்கச் சொல்லுங்ணா. எனக்கொரு செட்டுக் குடுங்க, ஒரே தும்மலு."

செட் என்பது எங்கள் பகுதி மெடிக்கல் கடைகளின் வழக்கம். சளிக்கு ஒரு செட், உடம்பு வலிக்கு ஒரு செட். அட்டையிலிருந்து மூன்று நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்போம். டாக்டர் சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு வந்திருக்கிற பெரிய மருந்துக்கடையில் செட் என்று கேட்டால் அந்தப் பெண்கள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். சென்னியப்பன் அங்கே போவதில்லை.

நொச்சியைக் கொதிக்கவிட்டதும் வீடே மணத்தது. போர்வைக்குள்ளிருந்து சாந்தாமணி, "தழைய இன்னும் போடலீங்களா?" என்று கேட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மண்டி வீதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், மஞ்சள் வரத்து ஆரம்பித்த மாசியில், மூட்டை உதறும் தூசிக்கு ஒரே மூச்சில் நாற்பது தும்மல் போட்டாள். நான்தான் இரண்டு சொட்டு விட்டேன். ஐந்தே நிமிஷத்தில் மூக்கு திறந்தது. "நீங்க தெய்வமுங்க" என்றாள். என்னை அப்படி வேறு யாரும் சொன்னதில்லை. இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கடைக்கே வந்துவிட்டாள். முகம் உப்பியிருந்தது, கண்ணிரண்டும் சிவப்பு.

"ஒரே ஒரு சொட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் போதுமுங்க."

"நீதானே குடுக்க வேண்டாம்னே?"

"ஆமாங்க. ஆனாச் செத்துருவனாட்ட இருக்குதுங்க."

நான் அசையவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவள் இருமல் மருந்துப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய். ஆனால் டாக்டரம்மா இங்கே வந்து இதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நல்ல வேள, குடுக்கலீங்க. ஊட்டுக்குப் போயி மூக்கக் கழுவிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை பிடிவாதம் இவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

பிப்ரவரி 12, புதன்

எதையும் மறைக்கிற ஆள் நான் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். காலையில் கடை திறந்ததும் புது உப்புநீர் ஸ்பிரே ஒன்றை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றினேன். பாதியைக் கொட்டினேன். அவள் ஒப்படைத்த ஒன்பதில் இரண்டைத் திறந்து அதில் ஊற்றி, மூடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய ஸ்பிரே தீரப்போகிறது, இந்தா புதுசு என்றேன்.

ஒரு வாரமாகத் தூங்காத மனுஷிக்கு வேறு என்ன செய்வது? கேட்டால் கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னாள். இன்று அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கொஞ்சம் கலந்தேன். இரண்டு மூன்று நாள் தூங்கித் தேறட்டும், அப்புறம் வெறும் உப்புநீரை வைத்துவிடலாம். இது சப்பைக்கட்டு இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எட்டு மணி நேரம் படுத்துத் தூங்கினாள். குறட்டைகூட இல்லை. காலையில் காபியோடு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"ஏனுங்க, உப்புத் தண்ணி வேல செய்யுதுங்க! பத்து நாள்னாங்க, கரெக்டாப் பத்து நாளு. அந்தப் பொண்ணு கெட்டிக்காரிங்க."

கெட்டிக்காரியாம். நான் காபியைக் குடித்தேன்.

"ஆனா இந்தப் புட்டி கொஞ்சம் கசக்குதுங்களே? தொண்டைல எறங்கறப்பக் கசக்குது."

"கெடாம இருக்க ஒரு மருந்து சேர்ப்பாங்க. பிரிசர்வேட்டிவ். அதுதான்."

"அப்படீங்களா" என்று உள்ளே போய்விட்டாள். நான் மருந்து பற்றிச் சொன்ன எதையும் அவள் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பதினொரு மணிக்கு முந்தானையில் எதையோ பொத்திக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். மண்டி வாசலில் சிந்திக் கிடந்த ஒரு விரலி மஞ்சள். அதை என் மூக்கருகே நீட்டினாள்.

"வாசம் தெரியுதுங்க! சன்னல்லயே தெரிஞ்சுது. மஞ்ச மண்டிலயே குடியிருந்துட்டு இந்த வாசம் மறந்தே போச்சு பாருங்க."

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அரை மணி நேரத்துக்கு அப்புறம் வாசம் போய்விட்டதாம். மறுபடி ஸ்பிரே அடித்தாளாம். புட்டி தீர்ந்துவிட்டது என்றாள். இரண்டாவது புட்டியையும் அதே மாதிரி தயார் செய்தேன். நடுவில் நிறுத்தினால் சந்தேகம் வரும். இந்த வாரத்தோடு முடித்துவிடலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையும் மாலையும் கழுவுவதை விட்டுவிட்டாள். "புட்டியே போதுமுங்க, உப்புத் தண்ணிதான, எத்தன தடவ அடிச்சா என்ன" என்கிறாள். நாளுக்கு எட்டுத் தடவை ஆகிவிட்டது. அடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடி அடைக்கிறது. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் டாக்டரம்மா புராணம் பாடுகிறாள். விடுதிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு வருகிறேன் என்று ரெஜினா மேடத்திடம் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது புட்டி கேட்டாள். வெறும் உப்புநீர்ப் புட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரிடம் போகும்போது மூக்கு அடைத்திருந்தால் சர்டிபிகேட் எப்படிக் கிடைக்கும்? அதனால் இதிலும் கலந்தேன். அவளுக்காகத்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் எதுவும் அடிக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் சாந்தாமணிக்கு மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துப் பேச்சே மாறிவிட்டது. புட்டி கைப்பையில்தான் இருந்தது. கிளம்பும்போது அவள் அதை எடுத்து வைத்ததைப் பார்த்தேன்.

டாக்டரம்மா விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"போன தடவைய விட மோசமா இருக்கேம்மா. சொட்டு மருந்த நிறுத்தலையா?"

"நிறுத்திட்டனுங்க. சத்தியமா. அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டனுங்க."

"அப்புறம் என்ன போடறீங்க?"

"நீங்க சொன்ன உப்புத் தண்ணிப் புட்டிதானுங்க. நல்லா வேல செஞ்சுதுங்க. கொஞ்சம் கசக்கும், அவ்ளோதானுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உப்புத் தண்ணி கசக்காதும்மா."

சாந்தாமணி திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பஸ் நம்பரைப் படிக்கிற நேரம்தான். படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"புட்டி கொண்டு வந்திருக்கீங்களா? காட்டுங்க."

அவள் கை கைப்பையின் ஜிப் மேல் போனது. அங்கேயே நின்றது.

"இல்லீங்க" என்றாள். "பொய் சொல்லிட்டனுங்க. சொட்டு மருந்தேதான் போட்டேன். தாங்க முடியலீங்க. வேற கடைல வாங்குனேன். எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதுங்க."

டாக்டரம்மா அவளைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். படித்துப் படித்துச் சொன்னேனே, சின்னக் குழந்தையா நீங்கள், என் நேரத்தை வீணாக்கிவிட்டு இப்போது சர்டிபிகேட் வேறு வேண்டுமா என்று. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டி, "சாரப் பாருங்க, பாவம், வேலைய விட்டுட்டு உங்ககூட வந்து உக்காந்திருக்காரு. அவரப் போய் ஏமாத்தியிருக்கீங்க" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இவ்வளவு நேரம் யோசித்தாகிவிட்டது. தொண்டை அடைத்துக்கொண்டது, வார்த்தை வரவில்லை என்று எழுதலாம். அடைக்கவில்லை. வார்த்தை வாயில் தயாராக இருந்தது. நான் சொல்லவில்லை.

டப்பாக்களை நீட்டினார். மூன்றும் தெரியவில்லை. இன்னும் மூன்று வாரம் முதலிலிருந்து ஆரம்பியுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 28, வெள்ளி

விடுதியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். சாந்தாமணி போய் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். ரசம் வைத்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, உப்பையும் சோடாவையும் கலந்து, தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறாள். சாவி தாலிக்கயிற்றில் தொங்குகிறது. தினம் ஒரு தடவை அடிக்கிற ஸ்பிரேகூட வேறு எங்கோ வாங்கியிருக்கிறாள், என் கடையில் எடுத்தது குப்பைக்கூடையில் கிடந்தது.

"உப்புநீர் ஸ்பிரே நல்ல கம்பெனியா ஒண்ணு வந்திருக்கு, கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க."

அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். உன் கஷ்டத்தைப் பார்க்க முடியவில்லை, நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்று ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். அவள் கேட்கவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

நாற்காலியில்தான் தூங்குகிறாள். கண் சிவந்திருக்கிறது. கடைக்கு வந்து அழவில்லை. ஒரு சொட்டு கேட்கவில்லை.

கேட்டால் இந்தத் தடவை கொடுக்க மாட்டேன். கண்டிப்பாக. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 11, செவ்வாய்

இன்று சட்டையைத் துவைக்கப் போடும்போது அதை ஒரு கணம் முகர்ந்து பார்த்தாள். தள்ளிப் பிடித்தாள். கடை வாடை. எனக்கு அது தெரிவதே இல்லை. அவளுக்கும் பதினோரு வருஷமாகத் தெரியாமல் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

என்னைக் கூப்பிடாமல் தனியாகவே பஸ் ஏறி டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறாள். நான் கேட்டதற்குப் பதிலாகக் காகிதத்தை நீட்டினாள். மூக்குச் சவ்வு வீக்கம் வற்றிவிட்டது, வாசனை உணர்வு திரும்பியிருக்கிறது, சமையலறைப் பணிக்குத் தகுதியானவர். கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப்.

"ரெஜினா மேடத்துக்குக் காட்டினியா?"

"அங்கதான் ஆள் போட்டாச்சுங்களே."

அதை நாலாக மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்புறம் சமையலறைக்குப் போனவள் அங்கிருந்தபடியே, "பக்கத்தூட்டுல பருப்பு அடிப் புடிக்குது, சொல்லிட்டு வரனுங்க" என்று செருப்பை மாட்டினாள். எனக்கு எந்த வாசமும் வரவில்லை.

மார்ச் 22, சனி

காலையில் சாந்தாமணிக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்க்க விட்டாள். கடைக்குக் கிளம்பும் முன் இரண்டு காய்ச்சல் மாத்திரையைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, "சாப்பிட்டுட்டுப் போட்டுக்கோ" என்றேன். தலையாட்டினாள்.

கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்தரை மணி வாக்கில் சென்னியப்பன் மஞ்சள் தூசி படிந்த தலையோடு வந்தான்.

"ஏனுங்ணா, அக்கா எதுத்த கடைல வரிசைல நிக்கறாங்களே? உங்க கடைல இல்லாத மருந்துங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குள் சாந்தாமணி, சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு நின்றாள். ஒளியவில்லை, அவசரப்படவும் இல்லை. அவளைத் தெரியாதவர்கள் இந்த வீதியில் யாரும் கிடையாது.

"ஆமா, நம்மகிட்ட ஸ்டாக் இல்ல" என்றேன்.

"அதுக்கில்லீங்ணா, நானும் அங்க ஐஸ் தண்ணி குடிக்கப் போனனா, அந்தப் பொண்ணுகிட்ட அக்கா ஒவ்வொண்ணா எடுத்து இது என்ன, எதுக்கு, எத்தன நாளைக்குன்னு கேட்டுக்கிட்டே நிக்கறாங்க. அட்டையத் திருப்பித் திருப்பிப் படிக்கறாங்க. பின்னால இருக்கறவனெல்லாம் கத்தறான். அக்கா காதுலயே வாங்கல."

அவள் கசக்கிறது என்று சொன்னாள். பிரிசர்வேட்டிவ் என்று நான் சொன்னேன். அப்படீங்களா என்றாள். இதை இந்த டைரியில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஆனால் இன்றுதான் அதைப் படித்துப் பார்க்கிறேன்.

சாந்தாமணி பில்லைக் கையில் பிடித்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

"எனக்கு ஒரு செட்டுக் குடுங்ணா" என்றான் சென்னியப்பன். "தும்மித் தும்மி நெஞ்செலும்பு நோவுது."

அட்டைகளை எடுத்தேன். மூன்று மாத்திரையைக் கத்தரித்தேன். கவரில் போடப் போன என்னைத் தடுத்து அவன் உள்ளங்கையை நீட்டினான். கையில் போட்டேன். மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டு, கடைச் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றி விழுங்கினான்.

என்ன மாத்திரை என்று அவன் கேட்கவில்லை.